ஓநாயின் பெயரும் குளிர்காய்ச்சல் மாத்திரையும்

நம்மூர் கோரைப்பாய் நெசவைப் பற்றிய தொடரின் அடுத்த பகுதியை இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அது கொஞ்சம் பொறுக்கட்டும். ஆரணியில் ஒரு வீட்டுத் திண்ணையில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்வி ஒன்று பதிலில்லாமல் நிலுவையில் நிற்கிறது. நாற்பது ஆண்டு அரசு எழுத்தராக இருந்தவனுக்கு நிலுவை என்றால் தூக்கம் வராது.

கேட்டவள் என் மைத்துனரின் மகள். பட்டு நெசவுக் குடும்பம். 2014இல் கல்யாணம், 2016இல் ஒரு பெண் குழந்தை. 2018 கோடையில் அவளுக்கு உடம்பு சரியில்லாமல் போயிற்று. காலையில் தெருவில் பாவு நீட்டும்போது வெயில் ஏற ஏற முகம் எரிகிறது என்றாள். மூக்கின் இரு பக்கமும் கன்னத்தில் சிவப்புப் படர்ந்தது. விரல் மூட்டுகள் வீங்கின. மாலையில் காய்ச்சல். தலை சீவினால் சீப்போடு முடி வந்தது. 2006இல் நம் பக்கமெல்லாம் சிக்குன்குனியா வந்து போன நினைவு யாருக்கும் மறக்கவில்லை. அதுதான் திரும்பி வந்திருக்கிறது என்றார் ஒருவர். ரத்தசோகை என்றார் இன்னொருவர். தோலுக்கு ஒரு களிம்பு, மூட்டுக்கு ஒரு மாத்திரை என்று எட்டு மாதம் ஓடியது. சிறுநீரில் நுரை வந்து கால் வீங்கிய பிறகுதான் புதுச்சேரிக்கு அழைத்துப் போனோம். அங்கே ரத்தப் பரிசோதனை செய்து பெயரைச் சொன்னார்கள்: லூப்பஸ்.

சில வாரங்களுக்கு முன் அவள் வீட்டில் ஒரு விசேஷம். சாப்பாடு முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர், "இது பொண்ணு வீட்டு ரத்தம். முன்னாடியே விசாரிச்சிருக்கணும்" என்றார். யாரும் பதில் பேசவில்லை. எல்லோரும் போன பிறகு அவள் திண்ணைக்கு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"மாமா, நீங்க நாலு புஸ்தகம் படிக்கிறவர். உண்மையைச் சொல்லுங்க. இது என் ரத்தத்துல இருந்துதான் வந்ததா? என் பொண்ணுக்கும் வருமா?"

படித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்ல. மருந்து பற்றி உங்கள் மருத்துவரைத்தான் கேட்க வேண்டும். நான் சொல்லப்போவது சரித்திரம்.

லூப்பஸ் என்ற சொல்லை முதலில் கேட்டபோதே எனக்கு ஓநாய் நினைவு வந்தது. 1760 ஜனவரி 22ஆம் தேதி நம் வந்தவாசியில் அயர் கூட்டின் படையிடம் லாலியின் பிரெஞ்சுப் படை தோற்றது உங்கள் எல்லோருக்கும் தெரியும். தோற்றவர்களின் மொழியில் பள்ளிப்படிப்பு முடித்தவன் நான்; பிறந்தது இங்கே, படித்ததும் வேலை பார்த்ததும் புதுச்சேரியில். பிரெஞ்சில் ஓநாய்க்கு 'லூ' என்று பெயர். அதன் லத்தீன் மூலம்தான் லூப்பஸ். முகத்துத் தோலை ஓநாய் கடித்துக் குதறியதுபோல அரித்துவிடும் பல நோய்களுக்கும் ஐரோப்பாவில் நெடுங்காலம் இந்த ஒரே பெயரைச் சூட்டி வந்தார்கள். தோலில் வரும் காசநோயும் அதில் அடக்கம்.

அந்தக் குவியலிலிருந்து இந்த நோயைத் தனியே பிரித்தெடுத்தவர்கள் பாரிஸ் நகரத்து செயின்ட் லூயி மருத்துவமனைக்காரர்கள். பியேத் என்ற மருத்துவர் முதலில் அடையாளம் கண்டார். அவர் மாணவர் கசனாவ் 1851இல் 'லூப்பஸ் எரித்தெமத்தோ' என்று பெயர் வைத்தார். 'சிவந்து படரும் லூப்பஸ்' என்று பொருள். வியன்னாவில் ஹெப்ரா என்பவர் கன்னத்துச் சிவப்பு வண்ணத்துப்பூச்சி இறக்கை விரித்ததுபோல் இருக்கிறது என்று எழுதினார். அவர் மருமகன் கப்போசி 1872இல் இது தோலோடு நிற்பதில்லை, காய்ச்சல், மூட்டுவலி, உள்ளுறுப்புகள் வரை போகிறது என்று காட்டினார். பிறகு ஆஸ்லர் என்ற புகழ்பெற்ற மருத்துவர் இதயம், சிறுநீரகம் எல்லாம் பாதிக்கப்படுவதை விவரித்தார். ஆக நோய்க்குப் பெயர் வந்து 20 ஆண்டு கழித்துத்தான் அது உடம்பு முழுவதற்குமானது என்று தெரிந்தது. ஏன் வருகிறது என்பது மட்டும் யாருக்கும் புரியவில்லை.

அதற்கு முதல் தடயம் 1948இல் கிடைத்தது. அமெரிக்காவின் மேயோ மருத்துவமனையில் ஹார்கிரேவ்ஸ் என்பவர் நோயாளிகளின் எலும்பு மஜ்ஜையை நுண்ணோக்கியில் பார்த்தபோது, சில வெள்ளையணுக்கள் வேறு அணுக்களின் உட்கருவை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன. கிருமியை விழுங்க வேண்டிய அணு, சொந்த உடம்பின் அணுவை விழுங்குகிறது! சில ஆண்டுகளில் காரணமும் தெரிந்தது. இந்த நோயாளிகளின் ரத்தத்தில், அவர்களுடைய சொந்த அணுக்களின் உட்கருவுக்கு எதிராகவே எதிர்ப்பொருள் சுரக்கிறது. இன்றைக்கு லூப்பஸ் சந்தேகம் வந்தால் முதலில் எடுக்கும் ரத்தப் பரிசோதனை இந்த எதிர்ப்பொருளைத் தேடுவதுதான்.

இதை என் அலுவலக பாஷையில் சொல்கிறேன். வெளியிலிருந்து ஒரு கிருமி வருகிறது. காவலுக்கு இருக்கும் அணுக்கள் அதைப் பார்த்துத் தகவல் கொடுக்கின்றன. பி-செல் என்ற வெள்ளையணுக்கள் அந்தக் கிருமிக்கு எதிரான எதிர்ப்பொருளைத் தயாரிக்கின்றன. வேலை முடிந்ததும் தயாரிப்பை நிறுத்த வேண்டும். "போதும், மேல்நடவடிக்கை தேவையில்லை" என்று கோப்பில் குறிப்பு எழுதி முடிப்பதுபோல, பி-செல்லின் மேலேயே நிறுத்துவதற்கான ஓர் ஏற்பி இருக்கிறது. எதிர்ப்பொருள் போதுமான அளவு சேர்ந்ததும் அது ஏற்பியில் வந்து ஒட்டும், தயாரிப்பு மட்டுப்படும். வண்டிக்கு பிரேக் மாதிரி. பிரேக் தளர்ந்திருந்தால் வண்டி ஓடாமல் இருக்காது, நன்றாகவே ஓடும். நிற்க வேண்டிய இடத்தில்தான் நிற்காது.

அந்த பிரேக் ஏன் சிலருக்குத் தளர்வாக இருக்கிறது? இங்கேதான் பரம்பரை வருகிறது.

புதுச்சேரியில் வேலை பார்த்தவர்களுக்கு ஒரு விஷயம் தெரிந்திருக்கும். பிரெஞ்சுக்காரர் காலத்துப் பிறப்புப் பதிவேட்டில் முருகன் என்ற பெயரை அவர்கள் முறைப்படி நீட்டி எழுதி, கடைசியில் 'எ' என்ற எழுத்தையும் சேர்த்திருப்பார்கள். அந்தக் குடும்பத்தில் அடுத்தடுத்த தலைமுறைகளுக்கும் அந்த எழுத்து ஒட்டிக்கொண்டே வரும். அதனால் அன்றாட வாழ்க்கையில் ஒரு நஷ்டமும் இல்லை. ஏதோ ஒரு சமயத்தில், ஏதோ ஒரு கவுன்டரில், அந்த ஓர் எழுத்தினால் காரியம் தடைபடலாம். மரபணுவும் எழுத்துகளால் ஆன பதிவேடுதான். மனிதருக்கு மனிதர் அங்கொன்றும் இங்கொன்றுமாக எழுத்து மாறியிருக்கும். எழுத்து மாறாத மனிதர் உலகத்தில் இல்லை.

வெள்ளையணுக்களின் மேல் ஆளுக்கு ஆள் வேறுபடும் முத்திரை இருக்கிறது என்று 1958இல் முதலில் காட்டியவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான், ழான் தொசே. 1980இல் நோபல் பரிசு பெற்றார். இன்று எச்.எல்.ஏ. என்று சொல்லப்படும் அந்த முத்திரைகளில் சில லூப்பஸ் நோயாளிகளிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது பிறகு தெரிந்தது. அதற்கப்புறம் வேறு மரபணுக்களும் ஒவ்வொன்றாக வெளிவந்தன. இன்றைக்கு லூப்பஸோடு தொடர்புடையதாகக் கண்டறிந்த மரபணுப் பகுதிகள் நூற்றுக்கும் மேல். ஒவ்வொன்றும் தனியாக மிகச் சிறிய அளவுதான் ஆபத்தைக் கூட்டுகிறது. அவற்றில் பெரும்பாலானவை பி-செல், டி-செல் போன்ற காவல் அணுக்களுக்குள் வேலை செய்கிறவை.

சரி, "பொண்ணு வீட்டு ரத்தம்" என்றாரே பெரியவர், அதற்கு வருவோம். நூறு சொச்சம் இடங்களில் சிதறிக் கிடக்கும் எழுத்து மாற்றங்கள் ஒரே ஒரு வீட்டிலிருந்து வர வழியில்லை. தாய் வழியில் கொஞ்சம், தகப்பன் வழியில் கொஞ்சம், இருவருக்கும் முன்னால் இருந்த எத்தனையோ பேர் வழியில் கொஞ்சம். அதைச் சொன்ன பெரியவரின் உடம்பிலும் அவற்றில் சில கட்டாயம் இருக்கும். என் உடம்பிலும் இருக்கும்.

எழுத்து இருந்தால் நோய் வந்தே தீருமா? அதற்கு இரட்டையர்கள் பதில் சொல்கிறார்கள். ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையருக்குப் பதிவேடு எழுத்துக்கு எழுத்து ஒன்று. அமெரிக்காவில் 1992இல் வெளியான ஓர் ஆய்வில், அப்படிப்பட்ட இரட்டையரில் ஒருவருக்கு லூப்பஸ் இருந்தால் மற்றவருக்கும் இருந்தது 100க்கு 24 ஜோடிகளில்தான். தனித்தனிக் கருவிலிருந்து வந்த இரட்டையர்களில் 100க்கு 2. இந்த இரண்டு எண்ணிக்கையையும் சேர்த்துப் படிக்க வேண்டும். 24க்கும் 2க்கும் உள்ள தூரம் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்கிறது. மீதி 76 ஜோடிகள், அது மட்டுமே விதி இல்லை என்கின்றன. வெயில், சில வைரஸ் கிருமிகள், ஹார்மோன்கள், சில மருந்துகள் என்று வேறு பலதும் சேர்ந்துதான் நோயைக் கிளப்புகின்றன.

பெண்களுக்கு ஏன் அதிகம் என்றும் அவள் கேட்டாள். லூப்பஸ் வருகிற 10 பேரில் 9 பேர் பெண்கள். ஹார்மோன் ஒரு காரணம். இன்னொன்று எக்ஸ் குரோமோசோம். பெண்ணுக்கு அது இரண்டு, ஆணுக்கு ஒன்று. வைரஸ் வந்தால் மணியடிக்கும் டி.எல்.ஆர்.7 என்ற மரபணு அதில்தான் இருக்கிறது. 2022இல் ஸ்பெயின் நாட்டுச் சிறுமி ஒருத்தியிடம் அந்த மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறி லூப்பஸ் வந்ததைக் கண்டுபிடித்தார்கள். அப்படி ஒற்றை எழுத்தால் வருவது மிக அபூர்வம். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: பெண்ணின் இரண்டு எக்ஸில் ஒன்று அவள் அப்பா கொடுத்தது.

இவ்வளவும் படித்த பிறகு எனக்கு ஒரு கேள்வி எழுந்தது. பிள்ளை பெறும் வயதுப் பெண்களைத் தாக்குகிற நோய் இது. அதற்கு வழிவிடும் எழுத்துகள் தலைமுறை தலைமுறையாகக் கழிந்து போயிருக்க வேண்டாமா? ஏன் இன்னும் நம் பதிவேட்டில் தங்கியிருக்கின்றன?

இதற்குப் பதில் தேட நீலகிரிக்குப் போக வேண்டும். 1952இல் லேமன் என்ற மருத்துவரும் மேரி கட்புஷ் என்ற ஆய்வாளரும் நீலகிரிப் பழங்குடி மக்களின் ரத்தத்தைப் பரிசோதித்து, அரிவாள் வடிவச் சிவப்பணுவை உண்டாக்கும் மரபணு அவர்களில் சிலரிடம் இருப்பதைக் கண்டார்கள். அதுவரை அது ஆப்பிரிக்க வம்சத்தாருக்கே உரியது என்ற எண்ணம் இருந்தது. தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் அந்த எழுத்து வந்தால் கடும் ரத்தசோகை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்தால் மலேரியா அவரை எளிதில் கொல்வதில்லை. இதை 1954இல் ஆலிசன் என்பவர் கிழக்கு ஆப்பிரிக்காவில் நிரூபித்தார். இப்படி ஏதோ இருக்க வேண்டும் என்று அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எழுதியவர் ஹால்டேன். பிரிட்டனை விட்டு 1957இல் இந்தியாவுக்கே குடிவந்து, 1964இல் புவனேஸ்வரில் காலமான அதே ஹால்டேன்தான். மலேரியா அடித்த ஊர்களில், மலேரியாவைத் தாங்கும் எழுத்து, அதனால் வேறு கெடுதல் இருந்தாலும், கழியாமல் நிற்கும். இதுதான் அவர் கணக்கு.

லூப்பஸுக்கும் அப்படி ஒரு கணக்கு உண்டா? கிரீன்வுட் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1960களில் நைஜீரியாவில் வேலை பார்த்தார். உடம்பு தன்னையே தாக்கும் நோய்கள் அங்கே மிகக் குறைவாக இருப்பதைக் கண்டு 1968இல் எழுதினார். மலேரியாவுக்கும் இதற்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சந்தேகம். லூப்பஸ் போன்ற நோய் தானாகவே வரும் ஒருவகை எலிகளுக்கு எலி மலேரியாவைக் கொடுத்துப் பார்த்தார். அந்த எலிகளில் நோய் அடங்கிவிட்டதை 1970இல் வெளியிட்டார்.

பிறகு 2010இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் கென்னத் ஸ்மித் குழுவினர் நான் மேலே சொன்ன அந்த பிரேக்கையே எடுத்துக்கொண்டார்கள். எஃப்.சி.ஜி.ஆர்.2பி என்று அந்த மரபணுவுக்குப் பெயர். அதில் ஓர் எழுத்து மாறினால், ஏற்பியின் 232ஆம் இடத்தில் உள்ள அமினோ அமிலம் மாறி, பிரேக் பிடிக்காமல் போகிறது. இரு பெற்றோரிடமிருந்தும் அந்த மாற்றத்தைப் பெற்றவர்களுக்கு லூப்பஸ் வரும் வாய்ப்பு கூடுதல் என்று ஹாங்காங்கிலும் பிரிட்டனிலும் உள்ள நோயாளிகளை வைத்துக் காட்டினார்கள். அதே மாற்றத்தை இரு பக்கமும் பெற்ற கென்யக் குழந்தைகளைக் கடும் மலேரியா அவ்வளவாகத் தாக்கவில்லை என்பதையும் காட்டினார்கள். மலேரியா இருந்த ஆப்பிரிக்காவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் அந்த எழுத்து மாற்றம் அதிகம், ஐரோப்பியரிடம் குறைவு. பிரேக் தளர்ந்த வண்டி மலேரியாவை வேகமாக மோதித் தள்ளிவிடுகிறது. மலேரியா இல்லாத காலத்திலும் அதே வேகத்தில் ஓடினால் வீட்டுச் சுவரிலேயே மோதுகிறது.

நம் தமிழ் மக்களைப் பற்றியும் ஆராய்ச்சி நடந்திருக்கிறது. நான் தினமும் பஸ்ஸில் கடந்து போன கோரிமேட்டு ஜிப்மரில்தான்! அங்கே மருத்துவர் வீர் சிங் நேகியின் குழு தென்னிந்தியத் தமிழர்களில் லூப்பஸ் வந்தவர்களின் மரபணுக்களை ஆராய்ந்து பல கட்டுரைகள் வெளியிட்டிருக்கிறது. 2015இல் வந்த ஒரு கட்டுரை டி.எல்.ஆர்.2, டி.எல்.ஆர்.9 என்ற இரண்டு மரபணுக்களைப் பற்றியது. கிருமிகளை இனம் கண்டு காவல் அணுக்களை எழுப்பிவிடுபவை அவை. கிருமிகளோடு நம் முன்னோர் நடத்திய நெடுங்காலப் போராட்டம் அந்த மரபணுக்களைத் தேர்ந்து செதுக்கியிருக்கிறது, தமிழர்களுக்கு லூப்பஸ் வரும் வாய்ப்பில் அதற்குப் பங்கு இருக்கலாம் என்பது அவர்கள் கருத்து. அவர்களே "இருக்கலாம்" என்றுதான் எழுதுகிறார்கள். நானும் அதற்கு மேல் போகமாட்டேன்.

இன்னொரு கணக்கும் உண்டு. எய்ம்ஸ் மருத்துவர் மாளவியா குழுவினர் டெல்லிக்கு அருகே கிராமப்புறத்தில் சுமார் 92,000 பேரிடையே தேடி, லட்சத்துக்கு 3 பேர் அளவில்தான் லூப்பஸ் இருப்பதாக 1993இல் எழுதினார்கள். அதே காலத்தில் இங்கிலாந்தின் லெஸ்டர், பர்மிங்ஹாம் போன்ற ஊர்களில் எடுத்த கணக்கில், நம் துணைக்கண்டத்திலிருந்து குடியேறியவர்களுக்கு வெள்ளைக்காரர்களை விட லூப்பஸ் அதிகம். இங்கே குறைவு, அங்கே போனால் அதிகம். ஊர் மாறியதும் கிருமிகளும் சூழலும் மாறியதால் இருக்கலாம். நம் கிராமங்களில் நோய் இருந்தும் கண்டுபிடிக்கப்படாமல் போனதாலும் இருக்கலாம். எங்கள் வீட்டிலேயே எட்டு மாதம் கண்டுபிடிக்கப்படவில்லையே!

மலேரியா என்று எழுதும்போது என் பாட்டி நினைவு வராமல் இருக்காது. பாட்டி அதைக் குளிர்காய்ச்சல் என்பாள், சிலசமயம் முறைக்காய்ச்சல் என்பாள். ஒருநாள் விட்டு ஒருநாள் முறை வைத்து வரும். எத்தனை கம்பளி போர்த்தினாலும் நடுக்கம் நிற்காது. அவள் கூடப்பிறந்தவர்களில் இரண்டு பேர் சிறுவயதிலேயே காய்ச்சலில் போய்விட்டார்கள், அவள் பிழைத்தாள். சுதந்திரம் வந்த சமயம் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், 8 லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பிட்டிருக்கிறார்கள். 1953இல் மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம், 1958இல் ஒழிப்புத் திட்டம். கோடை விடுமுறைக்குப் புதுச்சேரியிலிருந்து பாட்டி ஊருக்கு வரும்போது, டி.டி.டி. அடித்த தேதியைத் திண்ணைச் சுவரில் எழுதிவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன். 1965 வாக்கில் நாடு முழுவதும் ஒரு லட்சமாகக் குறைந்த நோய், 1976இல் திரும்ப 64 லட்சத்துக்கு ஏறியது.

அந்தச் சமயத்தில் நான் புதுச்சேரி சுகாதாரத் துறையில் இளநிலை எழுத்தர். காய்ச்சல்காரர்களின் விரல் நுனியில் குத்திக் கண்ணாடிச் சில்லில் எடுத்த ரத்தத் தடவல்களுக்கு வரிசை எண் போடுவதும், குளோரோகுயின் மாத்திரைகளுக்கு இருப்புப் பதிவேடு எழுதுவதும் என் வேலை. பெரியவர்களுக்குத் தலைக்கு நான்கு மாத்திரை. வரவு, செலவு, இருப்பு. மாதக் கடைசியில் ஒரு மாத்திரை குறைந்தாலும் விளக்கம் எழுத வேண்டும். அந்த மாத்திரையின் தம்பி பின்னாளில் என் வீட்டுக்குள்ளேயே வரும் என்று அன்றைக்கு யார் நினைத்தது?

ஆமாம், லூப்பஸுக்குக் கொடுக்கும் முக்கியமான மருந்து ஹைட்ராக்சிகுளோரோகுயின். மலேரியா மருந்துக் குடும்பத்தைச் சேர்ந்தது. இதற்கும் ஒரு சரித்திரம் இருக்கிறது. சின்கோனா மரப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தவர்கள் 1820இல் பாரிஸில் பெல்தியே, காவந்து என்ற இருவர். மலேரியாக் கிருமியை முதலில் பார்த்தவர் லவரான், 1880இல் அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவ மருத்துவராக இருந்தபோது. கொசுவின் வயிற்றில் அதைக் கண்டவர் ரொனால்ட் ராஸ், 1897இல் செகந்தராபாத்தில். நம் நீலகிரியில் 1860களில் சின்கோனா தோட்டம் போட்டு, நடுவட்டத்தில் அரசே குயினைன் தயாரித்தது. 1894இல் லண்டன் மருத்துவர் பெய்ன், லூப்பஸ் நோயாளிகளுக்குக் குயினைன் கொடுத்துப் பார்த்துப் பலன் இருப்பதாகச் சொன்னார். இரண்டாம் உலகப்போரில் சிப்பாய்களுக்கு மலேரியா தடுப்பாகக் கொடுத்த மெப்பாக்ரின் மாத்திரையால் சிலருக்குத் தோல் நோயும் மூட்டுவலியும் குறைந்தன. 1951இல் பேஜ் என்பவர் அதையே லூப்பஸுக்குக் கொடுத்து முடிவை வெளியிட்டார். 1950களின் நடுவில் இன்றைய மாத்திரை வந்தது.

2020 மார்ச் கடைசியில் அந்த மாத்திரை கடைகளில் மறைந்துபோனது. கொரோனாவுக்கு அது கேட்கும் என்று உலகமே அடித்துப் பிடித்தது. நம் அரசு ஏற்றுமதிக்குத் தடை போடுகிற அளவுக்குப் போயிற்று. ஊரடங்கு வேறு. வந்தவாசியில் இல்லை, ஆரணியில் இல்லை, செய்யாற்றில் இல்லை. அவளிடம் 11 மாத்திரைதான் மிச்சம். நான் ஒரு காகிதத்தில் கோடு போட்டு வரவு, செலவு, இருப்பு என்று எழுதி வைத்துக்கொண்டு போனில் ஒவ்வொரு கடையாகக் கேட்டேன். கடைசி இரண்டு மாத்திரை இருந்தபோது, சேத்துப்பட்டுப் பக்கத்தில் ஒரு மருந்துக்கடைக்காரர் பழைய இருப்பில் மூன்று அட்டை எடுத்துக் கொடுத்தார். கூடுதலாக ஒரு ரூபாய் வாங்கவில்லை. கொரோனாவுக்கு அதனால் பயன் இல்லை என்று பிறகு தெரிந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை ஆரணிக்குப் போய் அவளிடம் பதிலைச் சொன்னேன்.

"உன் ரத்தத்துல இருந்து வந்ததாம்மான்னு கேட்டே. பாதிக்குப் பாதிதான் ஆமாம். ஆனா அது உன் ரத்தம் மட்டும் இல்ல, உன் வீட்டு ரத்தம் மட்டும் இல்ல. காய்ச்சலும் கழிச்சலும் வாரிக்கிட்டுப் போன காலத்துல பிழைச்சவங்க விட்டுட்டுப் போன சொத்து. அவங்க பிழைக்க அந்த எழுத்துல ஒண்ணு ரெண்டு உதவியிருக்கும்னு படிச்சவங்க சொல்றாங்க. பிழைச்சவங்க வாரிசுதான் நாம எல்லாரும், உன் மாமனார் வீடும் சேர்த்து. அந்தச் சொத்தோட சேர்ந்து வந்த கடன் உன் பேர்ல விழுந்துடுச்சு. உன் தப்பு அதுல ஒண்ணும் இல்ல."

"பாப்பாவுக்கு?"

"ஒரே அச்சுல வார்த்த இரட்டையருக்கே நாலுல ஒருத்தருக்குத்தான் வருது. பாப்பாவுக்கு உன் எழுத்துல பாதிதான் வந்திருக்கு. மத்தவங்க பிள்ளைகளைவிடக் கொஞ்சம் கூடுதல் வாய்ப்பு, அதை மறைக்கமாட்டேன். ஆனா லூப்பஸ் இருக்கற தாய்மார்களோட பிள்ளைங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது வர்றதே இல்ல. அப்படியே என்னைக்காவது மூட்டு வலிக்குது, கன்னம் சிவக்குதுன்னா உனக்குப் பெயர் தெரியும். எட்டு மாசம் அலைய வேண்டாம்."

அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "இதை அவர்கிட்டயும் சொல்லுங்க மாமா" என்றாள். சொன்னேன். மாப்பிள்ளை பொறுமையாகக் கேட்டார். "எங்க அம்மாச்சி கூடப்பிறந்தவங்களும் குளிர்காய்ச்சல்லதான் போனாங்கன்னு சொல்லுவாங்க" என்றார். பெரியவரிடம் அவரே பேசிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

இப்போது அவள் காலை வெயிலில் பாவு வேலைக்குப் போவதில்லை. வீட்டுக்குள் தறியில் மட்டும் உட்காருகிறாள். மாத்திரையை விடாமல் சாப்பிடுகிறாள். அந்த மாத்திரை கண்ணைப் பாதிக்காமல் இருக்க ஆண்டுக்கொரு முறை கண் பரிசோதனை, அவ்வப்போது சிறுநீர்ப் பரிசோதனை. நீங்கள் அறிந்த பெண்களில் யாருக்காவது நாள்பட்ட காய்ச்சல், மூட்டு வீக்கம், வெயில் பட்டால் கன்னச் சிவப்பு, முடி உதிர்வு என்று சேர்ந்து வந்தால், தயவுசெய்து மூட்டு நோய் மருத்துவரிடம் சீக்கிரம் காட்டச் சொல்லுங்கள். சிறுநீரகம் கெடுவதற்கு முன் பிடித்துவிட்டால் பாதி வெற்றி.

அவள் வீட்டு அலமாரிக் கதவின் உட்புறத்தில், 2020இல் நான் கோடு போட்டுக் கொடுத்த காகிதம் இன்னும் ஒட்டியிருக்கிறது. பக்கத்தில் புதிய தாள்கள். வரவு, செலவு, இருப்பு. இப்போது எழுதுவது அவள் மகள். கூட்டல் தப்பில்லாமல் போடுகிறாள்.

அடுத்த வாரம் கோரைப்பாய்க்குத் திரும்புவோம். வணக்கம்.